நாட்டுப் பன்றிக்குக் காய்ச்சல் வராதாமே?

கேள்வி, சுங்கைப்பட்டாணி வாசகர்:

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் பண்ணை வெள்ளைப் பன்றிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. தோட்டத்தில் முன்பு வளர்த்த கறுப்புப் பன்றியாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும், நாட்டு இனத்துக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த இனம் பினாங்குப் பக்கம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் காப்பாற்றக் கூடாதா?

ஜூன் 3, இரவு

வரும் தம்பி. நாட்டுப் பன்றி, வெளிநாட்டுப் பன்றி என்று அந்த வைரஸ் பேதம் பார்ப்பதில்லை.

போர்னியோ காட்டைப் பாருங்கள். அங்கே இருக்கும் தாடிப் பன்றியை எந்த மனிதனும் இனம் கலந்து கெடுக்கவில்லை. அதைவிட ‘நாட்டு’ எது? 2021 பிப்ரவரியில் சபாவில் காய்ச்சல் உறுதியானதும் காட்டுக்குள் தாடிப் பன்றிகள் கூட்டமாகச் செத்தன. காட்டு இறைச்சியென்றால் அதுதான் என்று தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிச் சாப்பிட்ட சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கு அது பெரிய அடி.

இந்தக் காய்ச்சலைத் தாங்கும் பன்றிகள் இருக்கின்றன, ஆப்பிரிக்காவில். வார்ட்ஹாக், புஷ்பிக் என்ற அங்கத்திய காட்டுப் பன்றிகள் வைரஸைச் சுமந்துகொண்டே நோயில்லாமல் திரியும். அந்த வைரஸோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய உடம்பு. நம் பக்கத்துப் பன்றிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வீட்டில் வளர்த்தாலும் காட்டில் திரிந்தாலும், வீரியமான வைரஸ் வந்தால் ஏறக்குறைய எல்லாம் போகும்.

ஆக, காய்ச்சல் வராது என்பதற்காகக் காப்பாற்றப் போகிறோம் என்றால் அந்தத் திட்டம் முதல் நோயிலேயே செத்துவிடும். காப்பாற்ற வேறு காரணங்கள் உண்டு. நாளை எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

ஜூன் 4

என்னை யாரென்று கேட்டிருக்கிறீர்கள். கால்நடை மருத்துவர் இல்லை. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் பன்றித் தீவன லோரி ஓட்டியவன். தாசேக் குளுகோர், கம்போங் செலாமாட் பக்கமெல்லாம் மூட்டை இறக்கியிருக்கிறேன். பண்ணை முதலாளிகளான தவுக்கேமார்கள் பேசியதைக் கேட்டேன். ஓய்வுக்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். அவ்வளவுதான் தகுதி.

சிறு வயதில் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருந்தோம். லயத்துக்குப் பின்னால் அம்மா பன்றி வளர்த்தார். கறுப்பு, முதுகு குழிந்து வயிறு தரையைத் தொடும். கஞ்சித் தண்ணி, வேகவைத்த மரவள்ளி இலை, கெலாடி என்ற சேம்பின் தண்டு, தவிடு என்று கிடைத்ததெல்லாம் போடுவோம். தீபாவளிக்கு முன்னால் சீனத் தவுக்கே வந்து முதுகில் தட்டிப் பார்த்து விலை சொல்வார். சில குடும்பங்கள் காட்டேரி பூசைக்கென்று ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கும், அதை அவர் எவ்வளவு கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள்.

சரி, அந்தக் கறுப்புப் பன்றி ‘நாட்டு இனமா’? யோசித்தால் சிக்கல். மலாயாவின் மண்ணுக்கு உரியது காட்டுப்பன்றி மட்டும்தான். வளர்ப்புக் கறுப்புப் பன்றி தென்சீனத்திலிருந்து குடியேறிகளோடு வந்த வகை. கப்பலில் வந்தது, நம் தாத்தாக்களைப் போல. பிறகு ஆங்கிலேயர் காலத்தில் பெர்க்‌ஷயர் மாதிரி வெளி ரத்தமும் கலந்தது. இத்தனை தலைமுறை இங்கே கிடந்து, இந்த வெயிலுக்கும் இந்தத் தீனிக்கும் பழகிவிட்டதால் அதை நாட்டுப் பன்றி என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. குடியுரிமை விண்ணப்பம் கேட்காதீர்கள்.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொரு வேடிக்கை. இன்று பண்ணைகளில் நிற்கும் வெள்ளைப் பன்றியை ‘மேல்நாட்டு இனம்’ என்கிறோமே, அதன் உடம்பிலும் சீன ரத்தம் ஓடுகிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சீனப் பன்றிகளைக் கப்பலேற்றிக்கொண்டு போய் ஐரோப்பியப் பன்றிகளோடு கலந்தார்கள். சீக்கிரம் கொழுக்கும், நிறையக் குட்டி போடும் என்பதற்காக. லார்ஜ் ஒயிட், பெர்க்‌ஷயர் எல்லாம் அந்தக் கலப்பின் பேரப்பிள்ளைகள்.

2012இல் பன்றியின் மரபணுத் தொகுதியை முழுவதுமாகப் படித்து வெளியிட்டார்கள். அதற்கு மாதிரியாக நின்றது அமெரிக்காவின் டூரோக் இனப் பெண் பன்றி ஒன்று. அந்த ஆராய்ச்சி சொன்ன முக்கியச் செய்தி: ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் ஆசியக் காட்டுப்பன்றியும் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. மனிதன் அவற்றைத் துருக்கிப் பக்கம் ஒரு தடவை, சீனத்தில் ஒரு தடவை எனத் தனித்தனியாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஆசியப் பக்கம்தான் மரபணு வகைகள் கூடுதல். அதாவது சரக்கு நம் பக்கம், பண்ணை அவர்கள் பக்கம்.

ஜூன் 6

‘லோரிக்காரர் கதை அளக்கிறார், எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை’ என்று ஒருவர். நியாயம்.

இப்போதைய பண்ணை முறை இப்படி: லேண்ட்ரேஸும் லார்ஜ் ஒயிட்டும் கலந்த தாய், அதற்கு டூரோக் ஆண். பிறக்கும் குட்டி முழுக்க இறைச்சிக்கு. ஆறு மாதத்தில் 100 கிலோ தாண்டும். அந்தக் குட்டியை இனவிருத்திக்கு வைக்கமாட்டார்கள், தாய்ச் சரக்கை இனவிருத்திப் பண்ணைகளிடம் மறுபடியும் வாங்க வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வரும் சோளம், சோயா புண்ணாக்கு, மின்விசிறி, தண்ணீர்த் திரை, ஊசி, இதெல்லாம் சேர்ந்தால்தான் அந்தப் பன்றி அந்தப் பன்றி. நான் இறக்கிய மூட்டையின் விலை டாலரோடு ஏறி இறங்கும். தவுக்கே முகமும் அதோடு ஏறி இறங்கும்.

உலகம் முழுக்கப் பெரிய பண்ணைகளில் பெரும்பாலும் இந்த மூன்று நான்கு இனங்கள்தான். ஒரே குணத்துக்காக, வேகமாக வளர, கொழுப்புக் குறைய, தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று: சதைப்பற்றுக்காகப் பியட்ரேன் போன்ற இனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடவே ஒரு கெட்ட மரபணுவும் பெருகிவிட்டது. லோரியில் ஏற்றினாலே பதறிச் சுருண்டு விழுந்து சாகும், இறைச்சி வெளுத்துத் தண்ணீர் விடும். அது எந்த மரபணுவின் எந்த இடத்துப் பிழை என்று 1991இல்தான் கண்டுபிடித்தார்கள். பிறகு சோதித்துக் களைந்தார்கள். களைய முடிந்ததற்குக் காரணம், அந்தப் பிழை இல்லாத பன்றிகள் வெளியே இருந்தன.

மறுபக்கம் சீனத்தின் மெய்ஷான். சுருக்கம் விழுந்த முகம், தொங்கும் காது, மெதுவான வளர்ச்சி, ஏகக் கொழுப்பு. சந்தைக்காரன் திரும்பிப் பார்க்கமாட்டான். ஆனால் ஈத்துக்கு 15, 16 குட்டி. மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். 1979இல் பிரான்சுக்காரர்கள் கொண்டுபோனார்கள். அந்தக் குணத்தைத் தங்கள் தாய் இனங்களில் ஏற்றினார்கள். யாரோ ஒரு சீனக் கிராமத்தான் அசிங்கமான பன்றியை விடாமல் வளர்த்ததால் கிடைத்தது அது.

நம் கறுப்புப் பன்றியிடம் என்ன இருக்கிறது? மட்டமான தீனியில் உயிரோடு இருக்கும். வெயிலில் தோல் வெந்துபோகாது. தாய்க்குக் குட்டியை நசுக்காமல் பார்த்துப் படுக்கத் தெரியும். என் கண்ணால் பார்த்த குணங்கள் இவை. சோளம் கப்பலில் வராத காலம் ஒன்று வந்தால் இதன் மதிப்பு தெரியும்.

ஜூன் 6, இரவு

மதுரைப் பக்கம் புராணக்கதை ஒன்று உண்டே, தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குச் சிவனே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார் என்று. மீனாட்சியம்மன் கோயில் தூணில் சிலை இருக்கிறது. நேற்று அது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன். நாட்டுப் பன்றிக்குப் பன்னிரண்டு பெரிய ஈத்து. எங்கள் வீட்டுப் பன்றி அதில் பாதி போட்டாலே அம்மா திருப்தி. இன்றைய பண்ணைத் தாய்க்கோ பன்னிரண்டு சாதாரணம். குட்டி கூடினால் காம்பு பற்றாது என்பதால் காம்பையும் எண்ணித்தான் தாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள், 14க்குக் குறைந்தால் யோசிப்பார்கள். கதை எழுதியவருக்குப் பன்றி தெரிந்திருக்கிறது.

ஜூன் 9

இன்று கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், வகுத்தல் மட்டும்தான்.

‘எங்கள் உறவினர் பண்ணையில் 50 கறுப்புத் தாய்ப்பன்றிகள் இருக்கின்றன, இனம் பத்திரமாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார் ஒரு தங்கை. ஆண் பன்றி எத்தனை என்று கேட்டேன். ஒன்று என்றார்.

ஆண்களின் எண்ணிக்கையை எட்டால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ரத்த நெருக்கம் எவ்வளவு கூடும் என்று கிடைக்கும். ஒரு ஆணும் 50 பெண்ணும் என்றால் 12.75 விழுக்காடு. தாய்மாமனைக் கட்டிய பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளையின் ரத்த நெருக்கம் 12.5. அந்தப் பண்ணை ஒவ்வொரு தலைமுறையிலும் தாய்மாமனைக் கட்டிக்கொண்டே போகிறது என்று வையுங்கள். நம் சமூகத்திலேயே டாக்டர்கள் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிக் குறைந்துவரும் பழக்கம்.

3 ஆண், 60 பெண்: 4.4 விழுக்காடு.
10 ஆண், 20 பெண்: 1.9 விழுக்காடு.

முதலாவதில் 63 பன்றிகள், இரண்டாவதில் பாதிகூட இல்லை. ஆனால் இனத்தைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொல்லும் வரம்பு தலைமுறைக்கு 1 விழுக்காடு. 25 ஆண், 25 பெண் இருந்தால் அந்த வரம்பில் நிற்கலாம். இதுவும் எல்லா ஆணுக்கும் சமமாக வாய்ப்புக் கிடைத்தால்தான். நடைமுறையில் பெரிய ஆண் ஒன்று மற்றதையெல்லாம் துரத்திவிடும்.

இங்கேதான் பணம் இடிக்கிறது. 25 ஆண் பன்றிக்கு யார் தீனி போடுவது? ஆண் பன்றி நாளெல்லாம் தின்னும், குட்டி போடாது. எந்தத் தவுக்கேயும் முதலில் வெட்டுவது அதைத்தான். ஒரு பண்ணையில் 25 வைக்க முடியாது. பத்து வீட்டில் ஆளுக்கு இரண்டு மூன்று வைத்து, தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் முடியும். தோட்டத்து லயத்தில் யாரும் திட்டமிடாமலே அதுதான் நடந்தது. ஒருவர் வீட்டு ஆண் பன்றியை அடுத்த டிவிஷன்காரர் கயிறு கட்டிக் கூட்டிப் போவார், கூலியாக ஒரு குட்டி.

ஜூன் 10

‘விந்தை உறைய வைத்துவிட்டால் போதாதா, மாட்டுக்குச் செய்கிறார்களே?’

மாட்டு விந்து உறைநிலையைத் தாங்கும். பன்றி விந்து உறைய வைக்கும் குளிரில் பெரும்பாலும் வீணாகும், சினை பிடிப்பதும் குட்டி எண்ணிக்கையும் குறையும். அதனால்தான் பண்ணைகளில் அதை உறைய வைக்காமல், கரைசல் சேர்த்து 17 பாகை அளவில் சில நாள் மட்டும் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். கருமுட்டை, கரு எல்லாம் இன்னும் சிரமம், பன்றியின் கருவில் கொழுப்பு அதிகம். செய்யவே முடியாது என்பதில்லை, செய்கிறார்கள். ஆனால் உயிரோடு நிற்கும் பன்றிக்கு மாற்றாக அதை மட்டும் நம்ப முடியாது.

ஜூன் 12

நேற்று ஒருவர் அடுத்த கேள்வியைப் போட்டார்: பத்து வீட்டில் வைத்தால் பத்து இடத்தில் நோய் வருமே?

வரும். இது எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 9 குறிப்பில் லயத்து முறையைக் கொஞ்சம் ஆசையோடு எழுதிவிட்டேன். 1998-99ஐ நினைத்தால் அந்த ஆசை இறங்கிவிடுகிறது.

ஈப்போ பக்கம் பண்ணை ஆட்களுக்கு மூளைக் காய்ச்சல். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பன்றிகளை லோரியில் ஏற்றி வேறு மாநிலத்துக்கு விற்றார்கள், நோயும் ஏறிக்கொண்டது. நெகிரி செம்பிலான் புக்கிட் பெலாண்டோக்கில் வெடித்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து மனிதனுக்கு. பன்றிக் கொட்டகைகளுக்கு மேலேயே பழமரங்கள் நின்றன. இந்நாட்டில் 265 பேருக்கு வந்தது, 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். இராணுவம் இறங்கியது. கொல்கிறவன் இனம் பார்க்கமாட்டான், பார்க்கவும் நேரமில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் பன்றி என்பது முடிந்த கதை. பினாங்கு மாநிலம் 2016இல் பன்றி வளர்ப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. கழிவு ஆற்றில் விழக்கூடாது, மூடிய கொட்டகை வேண்டும் என்றெல்லாம் நவீன முறை. ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அது நியாயமான சட்டம், எனக்கும் அந்த நாற்றம் தெரியும். ஆனால் அந்தச் செலவைத் தாங்குவது ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பன்றி வைத்திருப்பவர்தான். 2023 ஜனவரியில் செபராங் பிறைப் பண்ணைகளில் காய்ச்சல் வந்தபோது அப்படிப்பட்டவர்களே ஆடிப்போனார்கள்.

ஆகவே இப்போது என் நினைப்பு: பத்து வீடு வேண்டாம், வெவ்வேறு மாவட்டத்தில் நான்கைந்து மூடிய பண்ணைகள். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு ஆண். பன்றியை மாற்றிக்கொள்ள வேண்டாம், விந்தை மட்டும் சோதித்து மாற்றிக்கொள்ளலாம். 17 பாகைப் பெட்டி ஒரு மாநிலம் தாண்டும்வரை தாங்கும். ஒரே இடத்தில் வைத்த இனம் ஒரே மதியத்தில் போய்விடும் என்பதுதான் நிப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஜூன் 13

விடுதிக் கழிவை அப்படியே போடலாமா என்று ஒரு கேள்வி. இல்லை, வேகவைக்காமல் பன்றிக்குப் போடக்கூடாது. நாட்டுப் பன்றிக்கும் கூடாது. ஆப்பிரிக்கக் காய்ச்சல் பரவும் வழிகளில் அது முக்கியமானது. பதப்படுத்திய பன்றி இறைச்சியிலும் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஜூன் 15

தமிழ்நாட்டிலிருந்து ஒரு அண்ணன்: ‘உங்களை விடுங்கள், இந்தியாவில் என்ன செய்கிறார்கள்?’

கர்னாலில் தேசிய விலங்கு மரபு வள அலுவலகம் இருக்கிறது. மாடு, ஆடு போலவே பன்றி இனங்களையும் பதிவு செய்கிறார்கள். வங்காளத்தின் குங்ரூ, மேகாலயாவின் நியாங் மேகா, கோவாவின் அகொண்டா, நாகாலாந்தின் தென்யி வோ, அசாமின் டூம், மிசோரத்தின் சோவாக் என்று பட்டியல் நீள்கிறது. குங்ரூவுக்கு ஈத்து பெரிது என்று பெயர். சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் முக்கால் பங்கு யார்க்‌ஷயரும் கால் பங்கு நாட்டு ரத்தமும் கலந்து ஒரு வகையை உருவாக்கியிருக்கிறது. விவசாயிக்கு நல்லது. ஆனால் அண்ணே, கலப்பினம் வெற்றி பெறப் பெற அந்தக் கால் பங்கைக் கொடுக்கத் தூய நாட்டுப் பன்றி எங்கே என்று தேட வேண்டிவரும். அதை யாராவது தனியாக வைத்திருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது நிக்கோபாரிப் பன்றி. பினாங்குக்கு வடமேற்கே அதே கடலில் இருக்கும் தீவுகள். தேங்காய் தின்று வளரும், இஷ்டத்துக்குத் திரியும். அங்கே பன்றி இல்லாமல் பெரிய விருந்து கிடையாது, பன்றி எத்தனை என்பதே குடும்பத்தின் கௌரவம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தீவோடு பன்றிகளும் அடித்துப்போயின. அதே அலை அன்று பினாங்குக் கரையிலும் 50 பேருக்கு மேல் கொன்றது. பிழைத்த நிக்கோபாரிகள் மிஞ்சிய பன்றிகளிலிருந்து மறுபடி பெருக்கினார்கள். விருந்துக்கு வேண்டுமே.

ஜூன் 15, பின்சேர்க்கை

அசாமின் குள்ளப் பன்றியை மறந்துவிட்டேன். பத்து அங்குல உயரம் இருந்தாலே பெரிது. அழிந்துவிட்டது என்று நினைத்த பிறகு 1971இல் மறுபடி தென்பட்டது. 1996இல் மானஸ் காட்டில் ஆறைப் பிடித்து குவாஹாட்டியில் பெருக்கி, 2008 முதல் புல்வெளிகளில் விடுகிறார்கள். 2020இல் ஆப்பிரிக்கக் காய்ச்சல் அசாமுக்கு வந்தபோது அந்தக் கூண்டுகளைக் காப்பவர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது.

ஜூன் 19

‘விருந்துக்கு வேண்டுமே’ என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, ‘தின்பதற்காகவா காப்பாற்றுவது?’ என்று கோபப்பட்டிருக்கிறார் ஒரு சைவ நண்பர். கோபம் புரிகிறது. ஆனால் வளர்ப்பு இனத்தில் யாருக்கும் வேண்டாதது நிற்காது. ஹங்கேரியில் மங்காலிட்சா என்று ஆட்டு மயிர்போலச் சுருள் மயிர் உள்ள கொழுப்புப் பன்றி. 1990களின் தொடக்கத்தில் 200 தாய்கூட மிஞ்சவில்லை. ஸ்பெயினில் தொடை இறைச்சியை உப்பிட்டுக் காயவைப்பவர்களுக்கு அந்தக் கொழுப்புப் பிடித்துப்போனது. விலை வந்தது, இன்று பல்லாயிரம் நிற்கின்றன. தொலைந்த மரபணு திரும்பாது, எண்ணிக்கைதான் திரும்பியது. அதுவும் விலை இருந்ததால்.

நம் ஊரில் காட்டுப்பன்றிப் பிரட்டலுக்கு அலைமோதுகிறோமே, அந்த ருசியைக் கேட்கும் கூட்டம் கறுப்புப் பன்றிக்கும் கூடுதல் விலை கொடுக்குமா? கொடுக்கும் என்றுதான் நினைக்கிறேன். தோலோடு, கொழுப்போடு, மிளகு தூக்கலாக. சைவ நண்பர் மன்னிக்க.

ஜூன் 22

சரவாக்கில் பூர்வகுடிகளின் நீளவீடுகளில் இன்னும் கறுப்புப் பன்றி இருக்கிறது, ஒரு சோடி கொண்டுவரலாமா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கடல் தாண்டிப் பன்றியையோ இறைச்சியையோ அனுமதியில்லாமல் கொண்டுவருவது சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம் வைரஸையும் சேர்த்துக் கொண்டுவருவீர்கள். அங்கே இருப்பது அங்கேயே நிற்கட்டும்.

இங்கே செய்யக்கூடியது பட்டியல் எடுப்பது. யார் வீட்டிலாவது, யாருக்குத் தெரிந்த பண்ணையிலாவது கறுப்புப் பன்றி நின்றால் பக்கவாட்டில் ஒரு படம், முகத்துக்கு ஒரு படம். காது நிமிர்ந்ததா தொங்கியதா, முதுகு குழிந்ததா, காம்பு எத்தனை, ஈத்துக்கு எத்தனை குட்டி, குட்டிக்கு உடம்பில் நீளக் கோடு உண்டா என்று எழுதுங்கள். கோடு இருந்தால் காட்டுப்பன்றி வேலி தாண்டியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆண் பன்றி எத்தனை, எங்கிருந்து வாங்கியது என்பதை மறக்காதீர்கள். மாவட்டம் போதும், முகவரி வேண்டாம்.

பழைய தோட்டத்துப் படம் வைத்திருப்பவர்களும் போடலாம். கல்யாணப் படத்தின் ஓரத்தில் பன்றி நின்றாலும் சரி.